பச்சை எரிந்த வாக்கியங்கள்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. அதன் கூரைக் குழாய்களிலிருந்து வரும் ஆவி, காற்றடிக்கும் நாட்களில் தெருவைத் தாண்டிப் போய்விடும். மழை நாட்களில் போக வழியில்லாமல் கீழே இறங்கி, வீட்டு ஜன்னல்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சொல்ல வருவது மழை விடாமல் பெய்த ஒரு பருவத்தைப் பற்றி. தெருவில் யார் வீட்டுத் துணியும் காயவில்லை. சலவைக்கூடத்துக்குள் மட்டும் ஊருக்கெல்லாம் சேர்த்துத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவிக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஒரே மகள், இந்த ஊரிலேயே பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவி, இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த நம் ஆட்களுக்கு ஊர் பாஷை சொல்லிக்கொடுப்பவள். எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். நாலு பேர் முன்னால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் வாயில் வருவது டீச்சர் என்பதுதான்.

மாடிவீட்டுத் தங்கச்சிக்குப் பகலெல்லாம் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ரோலரிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓர் உதறு உதறுவார்கள், மடிப்பார்கள், எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து இன்னொரு மடிப்பு. அதற்குப் பேச்சே தேவையில்லை. பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. மேற்பார்வைக்காரி வந்து எதையோ சொல்வாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும், "என்னவாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். யாராவது ஒருத்தருக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியை ஊகித்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காக வேலை அப்படித்தான் ஓடியது, ஒரு குறையும் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கூடத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள். இனிமேல் துணியெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஆலைக்குப் போகும். இருக்கிற ஆட்களை வார்டு உதவியாளர்களாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வார்டில் வேலையெல்லாம் ஃபோனில்தான் வரும். தலைமை நர்ஸ் ஃபோனில் சொல்வதைக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு செய்ய வேண்டும். தேர்விலும் அதுதான். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

மற்றவர்களுக்குப் போனால் வேலை மட்டும்தான் போகும். மாடிவீட்டில் அப்படியில்லை. கிரேன்காரரின் குடியிருப்பு அனுமதி அவர் ஒருவருக்கானது, அதில் குடும்பம் சேராது. மகள் அம்மாவின் அனுமதியில் இருந்தாள். அம்மாவின் அனுமதி அவள் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தேறாவிட்டால் அம்மாவும் மகளும் கிளம்ப வேண்டும், அவர் மட்டும் இங்கே இருப்பார். இதை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் மட்டும் ஒருநாள் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, அங்க ஸ்கூல்ல எனக்குத் தமிழ் எழுதத் தெரியலைன்னா சின்னப் பசங்களோட உட்காரவச்சிடுவாங்களா?" என்று டீச்சரைக் கேட்டாள்.

தேர்வுக்காக டீச்சர் எடுத்த வகுப்பு நடந்தது விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையில். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தது. காதில் மாட்டிக்கொண்டால் ஒரு குரல் ஊர் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்லும். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சை எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை வந்தால்தான் அடுத்த வாக்கியம்.

டீச்சருக்கு அது வந்தபோது இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "இத்தனை நாளா வகுப்புல ஒருத்தர் பேசினா மத்தவங்க வாயை மூடிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இப்பப் பாருங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க," என்றாள். கூடத்தில் சுருட்டை என்று ஒரு பெண் இருந்தாள். சுருட்டை முடி. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவள்கூட விரிப்பு அடுக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு டேப்லெட்டிடம் கிசுகிசுவென்று பேசிப் பச்சை வாங்கினாள். அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடிவீட்டுத் தங்கச்சிதான் வகுப்பிலேயே முதல். அவளுக்கு நல்ல காது. ஒருமுறை கேட்டால் அந்தக் குரலின் இழுப்பு, ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே வந்துவிடும். விளக்கு பச்சையைத் தவிர வேறெதுவும் காட்டாது.

பாய்லர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவருக்கு எப்போதும் சிவப்புதான்.

"டீச்சர், இந்த மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகல," என்பார். "நேத்து தும்மினேன். அதுக்கும் சிவப்பு."

"தும்மல்லயும் நம்ம ஊர் வாடை அடிக்குது போல," என்பாள் மாடிவீட்டுத் தங்கச்சி.

"நீ பேசுவம்மா. உன் டேப்ல பச்சை பல்பு மட்டும்தான் வச்சிருக்காங்க. கேட்டதை அப்படியே ஒப்பிக்கற பச்சைக்கிளி நீ."

அன்றிலிருந்து அவள் கிளி ஆகிவிட்டாள். அவளும் அதைச் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டாள். வேலையிலிருந்து வரும்போதே படியில் நின்று, "அண்ணா, இன்னிக்கும் முழுப் பச்சை," என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள். கிரேன்காரர் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது.

முதல் தேர்வில் பாய்லர்காரர் தேறிவிட்டார். கிளி தேறவில்லை. சுருட்டை பயந்துபோய்த் தேர்வுக்கே வரவில்லை.

டீச்சர் நம்பவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று தலைமை நர்ஸைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் வயதானவர், பொறுமையாகப் பேசினார்.

"உங்கள் மாணவி மிக அழகாகப் பேசுகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது," என்றார். "ஃபோனில் நான், 'ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவருக்கு ஆபரேஷன், அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஜாடியை எடுத்துவிடுங்கள்' என்றேன். 'சரி, இதோ உடனே செய்கிறேன்' என்றார். இங்கேயே பிறந்தவர் மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறார். பேச்சு தடுமாறியிருந்தால் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். அவர் தடுமாறவே இல்லையே."

திரும்பி வரும்போது டீச்சர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலுக்கு வந்ததும், "தலையாட்டறதுக்கு நான் நல்ல உச்சரிப்பு சொல்லிக்குடுத்திருக்கேன்," என்றாள்.

சாயங்காலம் மாடியிலிருந்து இருவரும் இறங்கி வந்தார்கள். கிளியின் கண்கள் வீங்கியிருந்தன. கிரேன்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்த உடுப்போடு இருந்தார். டீச்சர் டீ போட்டாள், ரொட்டி எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ஜன்னலில் ஆவி படிந்து தெரு தெரியவில்லை.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்றதுக்கென்ன?" என்று ஆரம்பித்தார் கிரேன்காரர். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. நான் மேல உட்கார்ந்திருப்பேன். கீழ நிக்கறவன் கையைக் காட்டுவான். அவன் கை சரியாத் தெரியலைன்னா நான் தூக்கமாட்டேன். கப்பலே நிக்கட்டும். ஒருத்தன் என்னை ஒண்ணும் கேட்க முடியாது."

"உங்களை யாரும் கேட்க முடியாது," என்றாள் கிளி. "அவ்வளவு உசரத்துல உட்கார்ந்திருக்கீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"இருக்கு. நீங்க நிறுத்தினா, ஆள் கவனமா இருக்கான்னு சொல்வாங்க. நான் நிறுத்தினா, இவளுக்குப் பாஷை தெரியலைன்னு சொல்வாங்க. சேர்ந்த புதுசுல ஒருதடவை அந்த மேற்பார்வைக்காரிகிட்ட என்னன்னு கேட்டேன். அவ திருப்பிச் சொல்லல. கையைத் தட்டி, குழந்தைக்குக் காட்டற மாதிரி நடிச்சுக் காட்டினா. மூட்டையைத் தூக்கறது, சுமந்துட்டுப் போறது, வைக்கறது. அங்க இருந்தவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அதுக்கப்புறம் நான் எதையும் கேட்டதில்ல."

கிரேன்காரர் டீக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "இதை என்கிட்ட நீ சொன்னதே இல்லையே," என்றார்.

"சொல்லி? கிரேனை எடுத்துட்டு வருவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "ஜாடி விஷயத்தைச் சொன்னப்ப உனக்கு எவ்வளவு புரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"கட்டில் புரிஞ்சுது. தண்ணி புரிஞ்சுது. ஜாடி புரிஞ்சுது."

"நடுவுல?"

"நடுவுல என்னமோ வந்துச்சு. நான் அதை விட்டுட்டேன். சரின்னு சொல்லி முடிச்சா பச்சை வந்துடும்னு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "ஃபோனைக் கீழ வச்சப்புறம் சுவரைப் பார்த்தேன்க்கா. விளக்கு எங்கன்னு தேடறேன். அப்பதான் எனக்கே உறைச்சுது."

 மாடியில் மகள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கிரேன்காரர் மேலே பார்த்தார். "அடுத்த தடவை என்னிக்கு?" என்றார். "மாசக் கடைசியில," என்றாள் டீச்சர். அதற்குப் பிறகு அவர்கள் மேலே போய்விட்டார்கள். ரொட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் டீச்சர் பாய்லர்காரரைப் பிடித்துவிட்டாள். அவருக்கு இன்னும் பாய்லர் அறையில்தான் வேலை, அடுத்த வாரம்தான் வார்டு. வால்வைத் திருகிக்கொண்டே பேசினார்.

"நீங்க எப்படித் தேறினீங்கண்ணே?"

"அது ஏன் டீச்சர் அப்படி ஆச்சரியமாக் கேட்கறீங்க?"

"ஐயோ, அதுக்கில்ல. என்ன சொன்னீங்க, எப்படிப் பேசினீங்கன்னு தெரியணும்."

"எங்க பேசினேன்? கேட்டுக்கிட்டே இருந்தேன். எந்தக் கட்டில்? ஜன்னலா, கதவா? எதை எடுக்கணும்? எடுக்கணுமா, வைக்கணுமா? அந்தம்மாவுக்கே தலை சுத்திருக்கும். எனக்கு அந்த மெஷின்கிட்ட சிவப்பு வாங்கி வாங்கி வெட்கமே போயிடுச்சு டீச்சர். ஆம்பளை நான் கேட்டா யாரும் சிரிக்கறதுமில்ல. அதையும் சொல்லணும்ல."

கடைசியாகச் சொன்னதை டீச்சர் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள்.

டேப்லெட்டை அவள் தூக்கிப் போடவில்லை. காதுக்கும் நாக்குக்கும் அது செய்த நல்லதை மறுக்க முடியாது என்றாள். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது, அதை அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள். அதனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. "எதைச் சொன்னீங்க?" என்று கேட்டால் சிவப்பு எரியும். அது எதிர்பார்க்கிற வாக்கியத்தைத் தவிர வேறு எது சொன்னாலும் சிவப்புதான். "ரெண்டு மாசமா நான் இவங்களைக் கேள்வி கேட்காம இருக்கப் பழக்கியிருக்கேன்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட பழைய ஃபோன் ஏதாவது இருக்கா?" என்றாள்.

என்னிடம் இருந்தவை லிஃப்டில் மாட்டும் அவசர ஃபோன்கள். ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது கழற்றிக் கொண்டுவந்து அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர் பேசுவதற்கானவை. குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரவென்று வரும். ஒன்றை எங்கள் சமையலறையில் மாட்டி, ஒயரை மாடிப்படி ஓரமாக இழுத்து, இன்னொன்றை மாடிவீட்டுக் கூடத்தில் மாட்டினேன். நல்லதாக இரண்டு வாங்கிவிடலாம் என்றேன். "வேண்டாம். இந்தக் கரகரப்புதான் வேணும்," என்றாள்.

தினம் வேலை முடிந்து கிளி வந்ததும் ஆரம்பமாகும். டீச்சர் கீழே இருந்து ஊர் பாஷையில் வேலை சொல்வாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். குழாயைத் திறந்துவிட்டுச் சொல்வாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொல்வாள். மாடியில் ஒரு கட்டில், ஒரு ஜாடி, தலையணை, போர்வை, ஒரு வாளி. நான் மேலே உட்கார்ந்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். மகள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பாள். அம்மா அவள் பக்கம் திரும்பக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை.

முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. கிளி ஃபோனை எடுப்பாள், "சரி, உடனே செய்கிறேன்" என்று அழகாகச் சொல்லி வைத்துவிடுவாள், பிறகு அறை நடுவில் நின்று வாளியையும் போர்வையையும் மாறி மாறிப் பார்ப்பாள். நாக்கு தானாகவே அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடும். வைத்த பிறகுதான் அவளுக்கே தெரியும். நெற்றியில் அடித்துக்கொள்வாள்.

டீச்சர் அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள்: புரியவில்லை, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள். அது இன்னும் மோசமாகப் போனது. கிளி அதையும் டேப்லெட்டில் போட்டுப் பழகி, ஒரு பிசிறில்லாமல் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அதையே சொன்னாள். "தலையணையை எடு" என்றால்கூடப் புரியவில்லை, தயவுசெய்து. டீச்சர் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தாள்.

"தலையணை உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் புரியலைன்னே?"

கிளி தலையணையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அதைத்தானக்கா சொல்லச் சொன்னீங்க?" என்றாள்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கும் பச்சை தேடறே நீ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போன குரல். அன்று கீழே வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எல்லோருக்கும் அவள் தைரியம் சொல்கிறவள். அவளுக்குத் தைரியம் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சுருட்டையும் இரண்டு நாள் வந்தாள். ஃபோன் மணி அடித்ததுமே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். எடுத்தால் குரல் எழும்பவில்லை. மூன்றாம் நாள் வரவில்லை. "கிளி முடியட்டும், அப்புறம் அவளைப் பார்க்கறேன்," என்றாள் டீச்சர். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

புரிந்ததை விட்டுவிட்டுப் புரியாததை மட்டும் கேட்கச் சொன்னாள் பிறகு. பாய்லர்காரர் செய்த மாதிரி. எந்தக் கட்டில்? எடுக்கணுமா, வைக்கணுமா? யாருக்கு? இதற்கு மனப்பாட வாக்கியம் கிடையாது. ஒவ்வொரு முறையும் எது விட்டுப்போனது என்று அவளே கண்டுபிடித்தாக வேண்டும். கிளி திணறினாள். அவளுடைய அழகான உச்சரிப்பு உடைந்தது. பாதி வாக்கியம் வந்தது, பாதி வரவில்லை. கேட்கவே சங்கடமாக இருந்தது. மாடியில் கிரேன்காரர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, டீச்சர்கிட்ட நாசூக்காச் சொல்லுங்க. இருந்த பேச்சும் போயிடும் போலிருக்கு. ஊர்ல இவ அம்மா வீட்டுக்கு ஃபோன் போட்டுடலாமான்னு யோசிக்கறேன். மக புத்தகத்தையெல்லாம் எங்க வைக்கறதுன்னு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு," என்றார். நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கும் அதே பயம்தான் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம். வெளியே அடைமழை. டீச்சர் கீழே குழாயைத் திறந்துவிட்டு, வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு எதையோ நீளமாகச் சொன்னாள். மேலே எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குக் கூடத்தில் துணி பிழியும் மெஷின் கெட்டுப்போய், விரிப்புகளைக் கையாலேயே பிழிந்து முறுக்கி அலுத்து வந்திருந்தாள் கிளி. ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஊர் பாஷையில்.

"மெதுவாகச் சொல்லுங்கள்! வாயில் என்ன வைத்திருக்கிறீர்கள்? போர்வையா, தலையணையா, எது? முதலில் முழுங்குங்கள்!"

கீழே குழாய் நின்றது. டீச்சர் படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது. அந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கிளி பயந்துபோய், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, ஏதோ ஒரு வேகத்துல..." என்று ஆரம்பித்தாள். டீச்சர் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். வாயில் இன்னும் உருளைக்கிழங்கு இருந்தது, பேச முடியவில்லை. பக்கத்து அறையில் மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வன்றைக்குக் கிரேன்காரர் விடுப்பு எடுத்திருந்தார். டீச்சர் வரக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் நான் போனேன். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. எதிரே தேர்வு அறை, கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. தலைமை நர்ஸ் அடுத்த அறையிலிருந்து ஃபோனில் பேசுவார். சுருட்டையும் வந்திருந்தாள், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் இரண்டு முறை ஆளனுப்பி வரவழைத்திருந்தாள். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் தாழ்வாரத்தில் நடந்து போனாள். எனக்கு எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கிளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. ஃபோன் காதில். ஒரு கை காற்றில் எதையோ அளந்துகொண்டிருந்தது. பாய்லர்காரர் வார்டு உடுப்பில் தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் வந்து, "என்ன, கிளி என்ன பண்ணுது?" என்று எட்டிப்பார்த்தார்.

"இன்னும் பேசிட்டே இருக்கா," என்றார் கிரேன்காரர். "எல்லாரும் இவ்வளவு நேரமா பேசினாங்க? முன்னாடி போனவ உடனே வந்துட்டாளே."

"பேசட்டும். விடுங்க."

"பாருங்க, தலையை ஆட்டறா, இல்லைங்கற மாதிரி. என்ன இல்லைங்கறா? மறுபடி கேட்கறா. மறுபடியும்... ஐயோ, அந்தம்மாவுக்குக் கோபம் வந்துடப் போகுது."

அவர் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவருடைய மூச்சு படிந்து உள்ளே தெரியாமல் போனது, கையால் துடைத்தார், மறுபடி படிந்தது. உள்ளே கிளி ஃபோனை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் போனாள். போர்வையை எடுத்தாள். கதவுப் பக்கம் இரண்டு அடி வந்தாள், நின்றாள். திரும்பிப் போய் மறுபடி ஃபோனை எடுத்தாள்.

"போச்சு," என்றார் கிரேன்காரர். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது. கிளி வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "என்னாச்சு?" என்றார் அவர். "தெரியல," என்றாள். அதற்குள் அடுத்த அறையிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். கையில் காகிதங்கள், யாரோ அந்தப் பக்கம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து வேகமாக ஊர் பாஷையில் நாலு வாக்கியம் சொன்னார். கூரைத் தகட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் கேட்டது.

கிரேன்காரர் எழுந்து நின்று தலையாட்டினார். "சரி, சரி. நன்றி," என்றார். வாய் சிரித்தது, முகம் செத்துப்போயிருந்தது. மனைவியின் முழங்கையைப் பிடித்து, "வா, போகலாம்," என்றார்.

"இருங்க," என்றாள் கிளி.

"விடு. அதான் சொல்லிட்டாங்கல்ல."

"என்ன சொன்னாங்க? உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கிளி கையை விடுவித்துக்கொண்டு, போய்க்கொண்டிருந்த அந்த அம்மாளின் பின்னால் நாலடி நடந்தாள். தாழ்வாரத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மன்னிக்க வேண்டும்," என்றாள். "முதலில் சொன்னது கேட்டது. நேரம் அதிகம் ஆனது என்றீர்கள். அதற்குப் பிறகு சொன்னது எனக்குப் புரியவில்லை. யார் வர வேண்டும்? எங்கே?"

தலைமை நர்ஸ் நின்றார். திரும்பி வந்தார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நீங்கள் வர வேண்டும். திங்கட்கிழமை காலை. நாலாவது மாடி, பெண்கள் வார்டு."

"நான் வர வேண்டும். திங்கட்கிழமை காலை. நாலாவது மாடி, பெண்கள் வார்டு," என்றாள் கிளி. "வேலைக்கு?"

"வேலைக்கு."

கிரேன்காரர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பாய்லர்காரர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். போர்வையோடு பாதி வழி வந்து திரும்பிப் போனதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். தாழ்வாரத்தில் நடந்ததை இரண்டு முறை சொல்லவைத்தாள். மாடியில் நாலைந்து பேர் சேர்ந்து பேசுகிற சத்தம், நடுவில் மகளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. "அக்கா, மேல வாங்க!" என்று கிளி படியிலிருந்து கூப்பிட்டாள்.

"இதோ வரேன்," என்றவள் என்னைப் பார்த்து, "சுருட்டை?" என்றாள்.

"தேறல."

"என்ன நடந்துச்சு?"

"உள்ள போனா, உடனே வந்துட்டா."

"ஃபோனை எடுத்தாளா? எடுத்துப் பேசலையா, இல்ல எடுக்கவே இல்லையா?"

"கவனிக்கல," என்றேன். "கிளியை உள்ள கூப்பிட்டுட்டாங்க. நாங்க அதுல இருந்துட்டோம்."

டீச்சர் மாடிப்படியைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள். "மெஷின்கிட்ட அவ்வளவு பேசினவ," என்றாள். "கிளிக்குச் சரியா வந்ததையே அவளுக்கும் குடுத்துட்டேன். அது அவளை இன்னும் பயமுறுத்திடுச்சு. முதல் தடவை அவ வரலைல்ல, அதனால இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு அவளுக்கு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மேல கூப்பிடறாங்களே."

"நீங்க போங்க. நான் அவ வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"இந்த மழையிலயா? போய் என்ன பண்ணப்போறே?"

"தெரியல," என்றாள், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே. "அவளைத்தான் கேட்கணும்."